மாமாவின் கல்லும் என் லேத்தும்

சேசு மரி சூசை துணை

திருக்காட்டுப்பள்ளி,
அக்டோபர் 26

அன்பு மச்சான் ஜோஸ்வாவுக்கு,

அத்தான் மதலைமுத்து எழுதுவது. பூண்டி மாதா புண்ணியத்தில் நானும் உங்கள் அக்கா ஆரோக்கியமும் சுகம், பசுமாடு சுகம், மழை மட்டும் தேவைக்கு மேல் சுகமாக இருக்கிறது. குவைத்தில் நீங்களும் சான்ட்ராவும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க மன்றாடுகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது அத்தான் ஏன் காகிதத்தைத் தேடுகிறார் என்று நினைப்பீர்கள். வாட்ஸ்அப்பை உங்கள் அக்கா எனக்கு முன்னால் படித்துவிடுகிறாள். போனில் பேசலாமென்றால், கொல்லைக் கடைசியில் நின்று முணுமுணுத்தாலும் சமையலறையிலிருந்து பதில் வருகிறது. ஆகையால் கூரியர்.

கூட்டுறவு வங்கியில் ஓய்வுபெற்ற கையோடு, மாட்டுக்கொட்டகையில் பாதியைத் தடுத்து நான் சொந்தமாக ஒரு சி.என்.சி. லேத் செய்ய ஆரம்பித்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். பித்தளைத் தடியைச் சுழலவிட்டால், கம்ப்யூட்டர் சொல்கிற வழியில் உளி தானாகப் போய்க் கடைந்து தரும். தர வேண்டும். காலமெல்லாம் பஸ் ஓட்டிய உங்கள் அப்பாவுக்கு மிஷினில் ஆட்டம் என்றால் உடம்பிலேயே தெரிந்துவிடும். தினமும் சாயங்காலம் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "மாப்ள, இது கடையுதா, குளுர்ல நடுங்குதா?" என்று கேட்பார். போன வருஷம் அவர் போன பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் கொட்டகையே வெறிச்சென்று ஆகிவிட்டது. இந்த நிலையில்தான் உங்கள் அக்கா, "கல்லறைத் திருநாளுக்கு அப்பாவுக்கு ஒரு ஜோடி பித்தளை மெழுகுவத்தித் தண்டு செஞ்சி குடுங்களேன்" என்றாள். மச்சான், இத்தனை காலத்தில் அந்த மிஷினிடம் வாய் திறந்து ஒரு பொருள் கேட்ட முதல் ஆள் அவள். செய்து கொடுக்காவிட்டால் நான் எந்த முகத்தோடு மறுபடி கொட்டகைக்குள் போவது?

உங்கள் அப்பா பார்த்த முதல் டிசைன் ஆங்கிள் இரும்புச் சட்டம். ஓடவிட்டால் மிஷின் தானாகவே நகர்ந்து மாட்டின் பக்கம் போனது, மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஆற்றின் பக்கம் போனது. அதைப் பிரித்து, மரம் அதிர்வைத் தாங்கும் என்று தேக்குக் கட்டையில் இரண்டாவதாகக் கட்டினேன், மழை ஈரத்தில் கட்டை உப்பி, உளி நேராகப் போவதாக நினைத்துக்கொண்டு கோணலாகப் போனது. அதையும் பிரித்து கான்கிரீட் போட்டேன், கான்கிரீட் நன்றாகத்தான் இறுகியது, ஆனால் இறுகின இடம் வாசற்படியை மறித்துக்கொண்டு இருந்ததால் மாட்டை வெளியே விட வழியில்லாமல் சம்மட்டியால் உடைக்க வேண்டியதாயிற்று. இதற்கு நடுவில் கம்ப்யூட்டரில் ஒரு மைனஸ் அடிக்க மறந்து, உளி எதிர்ப்பக்கம் பாய்ந்து, பாதி கடைந்த தண்டு ஜன்னல் வழியாகப் பறந்து அடுத்த வீட்டுத் தமிழ்மாறன் காயப்போட்டிருந்த குறுவை நெல்லில் போய்ப் புதைந்தது. அவர் அதைத் துடைத்து எடுத்துவந்து, "சார், உங்க வீட்டுப் பாவக்கா" என்று கொடுத்தார். அவர் மேலும் தப்பில்லை. ஆட்டத்தில் அது அப்படித்தான் முண்டும் முடிச்சுமாக இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்துகொள்ளுங்கள். நீங்கள் வீடியோ காலில் பார்த்துத் தேர்ந்தெடுத்த கறுப்புக் கிரானைட் கல், 'சவரிமுத்து இங்கே இளைப்பாறுகிறார்' என்று பெயர் வெட்டி, இம்மாத ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. வாய்க்கால் உடைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்தில் முழங்கால் தண்ணீர், தரை காயட்டும் என்று கொத்தனார் சொன்னதால் கல்லைக் கொட்டகையில் சாத்திவைத்தோம். பெரிய கம்பெனிகளில் மிஷினுக்கு அடியில் கிரானைட்தான் போடுகிறார்கள் என்று நான் அதற்கு முந்தின வாரம்தான் படித்திருந்தேன். உப்பாது, வளையாது, அதிராது. சும்மா அளந்து பார்ப்போமே என்று அளந்தேன். என் மேசைக்கென்று வெட்டியதுபோல் சரியாக இருந்தது. சும்மா வைத்துப் பார்ப்போமே என்று, பெயர் கீழ்ப்பக்கம் வருகிற மாதிரி மரியாதையாகப் படுக்கவைத்தேன். வைத்தது நகரக் கூடாதே என்று பசை போட்டேன். மேலே துளை போட்டு மிஷினை முடுக்கினேன்.

மச்சான், ஆடவில்லை. கல்மேல் டம்ளரில் தண்ணீர் வைத்துப் பார்த்தேன், ஓரத்தில் ஓர் அலை இல்லை. இரண்டு தண்டும் கண்ணாடி மாதிரி வந்துவிட்டன. தண்டு தயார், அதை நட்டுவைக்கக் கல்தான் இல்லை. கல்லைப் பெயர்த்தால் உடையும், அவ்வளவு நல்ல பசை. அடியில் உங்கள் அப்பா இளைப்பாறுகிறார், மேலே மோட்டார் உறுமுகிறது.

எனவே உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்வது: அக்காவுக்குப் போன் போட்டு, "எனக்கு அந்தக் கறுப்புக் கல்லு புடிக்கல, அதைத் திருப்பிடுங்க, கிறிஸ்மஸுக்கு வரும்போது வெள்ளைப் பளிங்குக்கு நானே சொல்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தம்பி சொன்னால் அவள் மறுபேச்சுப் பேச மாட்டாள். வரும்போது நல்ல செர்வோ மோட்டார் ஒன்றும் வாங்கி வாருங்கள். ஐந்தாவது டிசைனுக்கு எல்லாவற்றையும் பிரித்து, உளியைத் தலைகீழாகத் தொங்கவிடலாம் என்று இருக்கிறேன்.

உங்கள் வீட்டு அடுப்பும் விளக்கும் குறைவின்றி எரிய வேளாங்கண்ணி மாதாவை வேண்டி, பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை போட்டு முடிக்கிறேன்.

உங்கள் அத்தான்,
மதலைமுத்து

பி.கு. (நவம்பர் 5): மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். மழையில் கூரியர் கடைக்குப் போக முடியாமல் கடிதம் சட்டைப்பையிலேயே கிடந்தது. எழுதிய மறுநாளே பித்தளைத் தூளைக் கூட்டுவதற்காக உங்கள் அக்கா மேசைக்கு அடியில் குனிந்தாள். என் மேசை வெறும் இரும்புச் சட்டம், நடுவில் திறப்பு என்பதை நான் யோசிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தவள் தலைக்கு மேலே அவள் அப்பா பெயர். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஆடுது ஆடுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நீங்க கேக்கவே இல்ல. கடைசியில அவரே வந்து புடிச்சிக்கிட்டாரு பாருங்க" என்றாள்.

சட்டைப்பையில் இருந்த கடிதமும் அகப்பட்டது. கிழிக்கப் போனேன். "அனுப்புங்க, என்ன பொய் சொல்லச் சொன்னீங்கன்னு அவனும் படிக்கட்டும்" என்றாள். வேறு கல்லுக்கு அவளே சொல்லிவிட்டாள், அதுவும் கறுப்புதான். திருநாளன்று தண்ணீர் வடிந்திருந்தது. தண்டுகளை மண்மேட்டிலேயே நட்டு மெழுகுவத்தி ஏற்றினோம். யார் செய்தது என்று பக்கத்தில் கேட்டார்கள். "எங்க வீட்டு மிஷின்" என்றாள். எங்க வீட்டு. மச்சான், எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தியையே மறுபடி ஏற்றினேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். மறுநாள் பங்குச் சாமியாரைக் கூட்டிவந்து தீர்த்தம் தெளித்து மிஷினை மந்திரிக்கச் செய்துவிட்டாள். கொட்டகைக்குள் செருப்பு கூடாது. அப்பா பெயர் இருப்பதை இனிமேல் பிரிக்கவே கூடாதாம். ஆகவே மோட்டார் வாங்க வேண்டாம். நேற்று ஒரு நட்டு கொஞ்சம் தளர்ந்தாற்போல் தெரிந்தது. சத்தமில்லாமல் ஸ்பேனரை எடுத்தேன். "அப்பா மேல கை வைக்காதீங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.