மீந்துபோன ஸ்க்ரூ

அந்த ஸ்க்ரூ பித்தளையா, துருப்பிடித்த இரும்பா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். கேட்டதையெல்லாம் நானும் குழப்பிக்கொண்டிருக்கலாம். மண்ணெண்ணெய் பேசினின் அடியில் அது கிடந்தது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

பல் டாக்டர் அதைக் கண்டபோது காரின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. கார்புரேட்டரைக் கழற்றி, பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, திரும்பப் பூட்டியாகிவிட்டது. இத்தனை நாள் விக்கிக்கொண்டிருந்த இன்ஜின் இப்போது விக்கலே இல்லாமல் ஓடியது. அப்படியானால் இது எங்கிருந்து வந்தது?

"ஓடுதுல்ல?" என்றாள் மனைவி, கதவருகே மூக்கைப் பொத்திக்கொண்டு.

"ஓடுது."

"அப்ப அதைத் தூக்கிப் போட்டுட்டு வந்து கை கழுவுங்க."

"ஒருத்தருக்கு வாய்ல வேலை பாத்து முடிச்சப்புறம் தட்டுல ஒரு பல்லு கூடுதலா இருந்தா, தூக்கிப் போட முடியுமா?"

"அந்த ஆளு வீட்டுக்குப் போயிட்டா போட வேண்டியதுதான்."

டாக்டர் ஸ்க்ரூவை உள்ளங்கையில் வைத்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது மாமனாரின் கார். வட்டக் கண்ணும் அகன்ற மூக்குமாக, தெருவில் போனால் நடப்பவர்கள் நின்று பார்க்கும் பழைய கார். மாமனார் அதைச் சைக்கிள் வேகத்துக்கு மேல் ஓட்டியதில்லை. உள்ளே யாரும் பேசக் கூடாது. தலையை ஒரு பக்கம் சாய்த்து, இன்ஜின் சத்தத்தைக் கேட்டபடியே ஓட்டுவார். "அப்பா வண்டியோட பேசிட்டு வர்றார்" என்று மகள்கள் இருவரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

கண் சரியாகத் தெரியவில்லை என்று சாவியை மூத்த மாப்பிள்ளையிடம் கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஓட்டுங்க மாப்பிள்ளை, துடைங்க. எதையும் கழட்ட மட்டும் வேண்டாம். கழட்டினீங்கன்னு தெரிஞ்சா கார் சின்ன மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிடும்."

பக்கத்தில் நின்ற சகலை அப்போதே தன் வீட்டு கேட்டின் அகலத்தை மனதுக்குள் அளந்துகொண்டிருந்தான்.

நாள் முழுக்க திறந்த வாய்களுக்குள் குனிந்து கிடப்பவர் டாக்டர். அந்தப் பெரிய ஸ்டீயரிங்கின் பின்னால் உட்காரும்போது மட்டும் அவர் யாரிடமும் "வலிக்குதா?" என்று கேட்க வேண்டியதில்லை. அந்த அமைதியை இழப்பதைவிட ஒரு பல்லை இழக்கலாம் என்று அவருக்குத் தோன்றும். சொந்தப் பல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமனார் காரில் ஒரு சுற்று போக வருகிறார். சாய்த்த காதோடு வருவார். அதற்குள் ஸ்க்ரூ அதன் துளைக்குப் போய்விட வேண்டும்.

டாக்டர் கார்புரேட்டரை மறுபடியும் கழற்றினார். வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை இன்ஜினுக்குள் விட்டு, மூலை மூலையாகப் பார்த்தார். எல்லாத் துளையிலும் ஒரு ஸ்க்ரூ இருந்தது. திரும்பப் பூட்டும்போது ஒரு சின்ன ஸ்பிரிங் கையிலிருந்து துள்ளி எங்கோ போனது. அவரும் மனைவியும் தரையில் தவழ்ந்து தேடினார்கள், கிடைக்கவில்லை. பால்பாயிண்ட் பேனாவிலிருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்து அங்கே மாட்டினார். ஸ்டார்ட் செய்ததும் கார் நின்ற இடத்திலேயே மலையேறுவதுபோல் உறுமியது.

"முந்தி நல்லாத்தானே ஓடுச்சு?" என்றாள் மனைவி.

"அதைத்தான் திருப்பித் திருப்பி சொல்லணுமா?"

"நான் ஒரு தடவைதான் சொன்னேன். காதுல விழறது நிறைய தடவையா இருக்கும்."

இன்ஜினில் இடமில்லை என்றால் வேறெங்காவது இருக்க வேண்டும் என்று முடிவு செய்து ஸ்டீயரிங்கின் அடியில் படுத்தார். அங்கே ஒரு காலித் துளை இருந்தது. ஸ்க்ரூ அதில் வழுக்கிக்கொண்டு நுழைந்தது. நிம்மதிப் பெருமூச்சு விட்டு ஒரு திருகு திருகினார்.

ஹார்ன் அடிக்க ஆரம்பித்தது. நிற்கவில்லை.

எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அந்த நேரம் பார்த்து சகலையிடமிருந்து போன்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை மாமா அத்தையை நான்தான் கூட்டிட்டு வர்றேன். அது என்ன சத்தம்?"

"ரோட்டுல ஏதோ லாரி."

"நம்ம கார் ஹார்ன் மாதிரியே இருக்கே."

"லாரிக்காரன் ஆசைப்பட்டு மாட்டியிருப்பான்" என்று போனை வைத்துவிட்டு, கைக்கு அகப்பட்ட வயர்களையெல்லாம் பிடுங்கினார். ஹார்ன் நின்றது. அதோடு விளக்கும் போனது, ஸ்டார்ட்டரும் போனது. ஸ்க்ரூ மட்டும் பத்திரமாகத் திரும்பக் கைக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் சலவைச் சட்டையோடு வந்து இறங்கினார். பின்னால் மாமியார். சகலை காரைச் சுற்றி வந்து, ஏற்கெனவே தன்னுடையது என்பதுபோல் அதன் கூரையைத் தட்டிக்கொடுத்தான்.

"எடுங்க மாப்பிள்ளை."

டாக்டர் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி திருப்பினார். கார் செத்துப்போன பல்லைப்போல் சும்மா இருந்தது.

"கழட்டினீங்களா?" என்றார் மாமனார் மெதுவாக.

டாக்டர் இறங்கி வந்தார். பொய் சொல்ல வாயைத் திறந்தார், வரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூவை எடுத்து நீட்டினார்.

"கழட்டினேன் மாமா. பூட்டினப்புறம் இது மீந்துபோச்சு. எங்கேன்னு தெரியல. தேடப் போய்த்தான் எல்லாம் கெட்டுது. காரை அவருக்கே குடுத்துடுங்க."

மாமனார் ஸ்க்ரூவைப் பார்த்தார். முகம் வெளுத்தது. வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். எதிர்வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

"இது உங்ககிட்ட மீந்தது இல்ல மாப்பிள்ளை" என்றார் கடைசியில். "என்கிட்ட மீந்தது."

"என்ன மாமா?"

"கார் வாங்கின புதுசுல நானே ரிப்பேர் பாக்கிறேன்னு கழட்டினேன். பூட்டி முடிச்சா இது மிச்சம். எங்கேயும் சேரல. தூக்கிப் போட மனசு வரல. காரோட சாமான் கார்லயே இருக்கட்டும்னு ஏர் ஃபில்டர் மூடிக்கு அடியில கிரீஸை அப்பி ஒட்டிட்டேன்."

அந்த மூடியில் கெட்டியாக ஒட்டியிருந்த கிரீஸைத் தான் பேசினில் சுரண்டிப் போட்டது டாக்டருக்கு நினைவு வந்தது.

"அப்ப நீங்க காதைச் சாய்ச்சுக் கேப்பீங்களே..."

"எது கழண்டு விழப்போகுதோன்னு கேட்டேன். ஒரு நாள்கூட நிம்மதியா ஓட்டினதில்ல."

"பின்ன ஏன் மாமா எனக்குக் குடுத்தீங்க?"

"பயமா இருந்துச்சு" என்றார் மாமனார்.

"அதான் என் புருஷனுக்குக் குடுத்தீங்களாப்பா?" என்றாள் மகள்.

மாமனார் தரையைப் பார்த்தார். சகலை காரின் கூரையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றான். "கார் அண்ணன்கிட்டயே இருக்கட்டும் மாமா. அவர் கையிலதான் அதுக்கு மரியாதை" என்றான்.

அதுவரை பின்னால் நின்ற மாமியார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்க்ரூவை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, அன்னைக்குக் கழட்டின சாமானையெல்லாம் எதுல போட்டு வெச்சீங்க?"

மாமனார் யோசித்தார். "தொலஞ்சிடக் கூடாதேன்னு உன் தையல் மெஷின் டிராயர்ல."

மாமியார் தலையை ஆட்டினாள். வெகு நேரம் ஆட்டினாள்.

"ஊசி மாத்தலாம்னு கழட்டி அந்த டிராயர்லதான் போட்டிருந்தேன். இது என் மெஷின் ஸ்க்ரூங்க. இது காணாமப்போனதுக்குத்தான், மெஷினே உருப்படாதுன்னு பழைய இரும்புக்குப் போட்டீங்க."

அன்று மதியம் ஒரு மெக்கானிக் வந்து வயர்களையும் ஸ்பிரிங்கையும் சரிசெய்தார். காரில் எந்தக் காலத்திலும் ஒரு ஸ்க்ரூகூடக் குறைந்திருக்கவில்லை. மாமனார் இப்போது வாராவாரம் வந்து முன்சீட்டில் உட்கார்ந்து, தலையை நேராக வைத்துக்கொண்டு, வழி முழுக்க வாய் ஓயாமல் பேசுகிறார். டாக்டர் தேடிய அமைதி போனது, கார் தங்கியது. சகலை அடுத்த மாதமே காரைத் தனக்குக் கேட்டான். மரியாதையைப் பற்றி அவன் சொன்னதை டாக்டர் அவனுக்கே ஞாபகப்படுத்தினார். மாமியாருக்கு மாமனார் ஒரு புதுத் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தார். ஸ்க்ரூ அதிலும் பொருந்தவில்லை.