குட்டைக்கு வந்த தார்ப்பாய்

மனிதர்களில் மேப்புக்காரர் என்று ஒரு தனி இனம் உண்டு. மழை வருமா என்று மற்றவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். இவர் கையிலிருக்கும் தாளைப் பார்ப்பார். இவரைத் தேடி நீங்கள் காடு மேடெல்லாம் அலைய வேண்டியதில்லை. எங்கே நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு வேலைக்கு எழுந்திருக்கிறார்களோ, அங்கே "இருங்க, முதல்ல ஒரு படம் போட்டுக்கலாம்" என்று ஒரு குரல் கேட்கும். அவர்தான்.

நான் சொல்ல வந்த மேப்புக்காரர் ஒரு வறண்ட ஊரின் நீர்ப்பிடிப்புக் குழுத் தலைவர். வருஷத்துக்கு இரண்டே இரண்டு நல்ல மழை பெய்கிற ஊர். குன்றின்மேல் விழுகிற தண்ணீர் யாரையும் நலம் விசாரிக்காமல் அரை மணியில் ஊரைத் தாண்டிப் போய்விடும். அதை மேலே பள்ளம் வெட்டி நிறுத்தி, நடுவே கல் அடுக்கித் தயங்க வைத்து, கீழே குட்டையில் பிடித்துவைக்க ஒரு திட்டம் வந்தது. பெயர், 'ஒருங்கிணைந்த நீர்ப்பிடிப்பு மேலாண்மை'. 'ஒருங்கிணைந்த' என்னும்போது இரண்டு கை விரல்களையும் கோத்துக் காட்டுவார். அந்தச் சொல் அவரை அப்படிப் பிடித்துக்கொண்டது. மனைவி அறுந்த பொத்தானைத் தைத்துக் கொடுத்தால்கூட அவருக்கு அது ஒருங்கிணைந்த சட்டை.

முதல் கூட்டத்தில் பள்ளிக்கூட முற்றத்துத் தரையிலேயே ஊரைப் படமாகப் போட்டார்கள். மண்ணைக் குவித்துக் குன்று, செங்கல் பொடியில் பாதை, சுண்ணாம்பில் ஓடை, உடைந்த ஓட்டுத் துண்டுகளில் வீடுகள், கூழாங்கல்லில் தடுப்பணை, கீழ்க்கோடியில் பெரிய அண்டா உட்காரும் அளவுக்கு ஒரு பள்ளம், அதுதான் குட்டை. இது நல்ல வழக்கம்தான். ஊரே சேர்ந்து பார்க்கும், பேசும், சண்டை போடும், முடிவெடுக்கும். பிறகு படத்தைக் கலைத்துவிட்டு மண்வெட்டியை எடுக்க வேண்டியது. கலைக்கத்தான் அவரும் குனிந்தார். கலைக்க மனசு வரவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது.

மறுநாள் படத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார். அதற்கடுத்த நாள் "மிதிக்காதீர்" என்று அட்டை வைத்தார். காலையில் விழுந்த இலைகளைப் பொறுக்கினார். அதன்பின் பதினோரு கூட்டங்கள் படத்தைச் சுற்றியே நடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கூழாங்கல் இரண்டு விரற்கடை இடம் மாறியது. நிஜக் குன்றில் ஒரு பள்ளமும் இல்லை. படத்துக் குன்றில் டீஸ்பூனால் நாற்பது பள்ளம் வெட்டியிருந்தார்.

அவருடைய மனைவியின் தம்பிக்குத்தான் அவசரம். அவருக்கு முப்பது ஆடுகள். தாழ்வான கோடியில் நிலம். யாருக்கும் காத்திராமல் தன் குட்டையைத் தானே வெட்டிவிட்டார். ஆனால் அது மணல் மண். அடியில் தார்ப்பாய் விரிக்காவிட்டால் ஒரு பகல்கூடத் தண்ணீர் தங்காது. திட்டத்தில் குட்டைக்கென்றே வந்த தார்ப்பாயோ தலைவர் வீட்டுப் பரணில் மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது.

"மாமா, அந்தத் தார்ப்பாயைக் குடுத்தீங்கன்னா இன்னைக்கே விரிச்சிடுவேன். இந்த மழையை விட்டா இன்னும் அஞ்சு மாசத்துக்குக் கிடையாது. ஆடுங்களுக்கு நான் எங்க போவேன்?"

"மச்சான், திட்டம்னா மேலேர்ந்து கீழ வரணும். மேல பள்ளம், நடுவுல கல்லு, அப்புறம்தான் உன் குட்டை."

"மேல எப்ப வெட்டுவீங்க?"

"படத்துல முடிச்சாச்சே."

உள்ளேயிருந்து மனைவி, "அவன் கேக்கறதைக் குடுத்துத் தொலைங்களேன், பரண்ல எலிதான் குடித்தனம் பண்ணுது" என்றாள். எலியும் படத்தில் வர வேண்டுமோ என்று அவர் யோசித்தார்.

ஒரு பிற்பகல், வானம் திடீரென்று இருண்டது. வயலிலிருந்து ஓடிவந்த மைத்துனர் தெருமுனையில் ஒரு காட்சியைக் கண்டார்: மாமா, தோளில் தார்ப்பாயோடு, செருப்புக்கூட இல்லாமல் ஓடிவருகிறார். மைத்துனருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என்ன இருந்தாலும் சொந்தம் சொந்தம்தான் என்று நினைத்தார். மாமா குட்டைப் பக்கம் திரும்பாமல் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பினார்.

"மச்சான், அந்த மூலையைப் பிடி. படம் நனைஞ்சிடும்."

அக்கா புருஷன் பிடி என்றால் பிடித்தே பழகிய கை. பிடித்தது.

முக்கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தது. குன்றின் தண்ணீர் வழக்கம்போல ஊரைக் கடந்து போனது. மைத்துனரின் குட்டை நிரம்பி, மழை விட்டதும் கண்ணெதிரே மணலுக்குள் இறங்கிக் காணாமல் போனது. ஊரிலேயே தண்ணீர் தங்கிய இடம் ஒன்றே ஒன்று. படத்துக் குட்டையின் மேல் தார்ப்பாய் தொய்ந்து, ஓர் அண்டாத் தண்ணீர் நின்றது. முப்பது ஆடுகளும் கயிற்றைத் தாண்டி, அட்டையைத் தின்று, குன்றின்மேல் ஏறி, நாற்பது பள்ளங்களையும் மிதித்து, வரிசையாகக் குடித்துவிட்டுப் போயின. திட்டம் பயன்பட்டது அன்றைக்குத்தான்.

தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்த மேப்புக்காரர் கண் கலங்கினார். அடியில் வெறும் சேறு.

"இப்பவாவது எடுத்துக்கட்டுமா மாமா?" என்றார் மைத்துனர்.

"எடுத்துக்கோ மச்சான். இனிமே அது எதுக்கு?"

இப்போது தார்ப்பாய் குட்டையில் கச்சிதமாக விரிந்து கிடக்கிறது, ஐந்து மாதம் கழித்து வரப்போகும் மழைக்காக. மைத்துனர் தினமும் சைக்கிளில் இரண்டு குடம் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தைத் தாண்டி ஆறு நடை போகிறார். முற்றத்தில் புதுப் படம் தயாராகிறது, போன தடவையைவிடப் பெரிதாக. அதில் ஒரு குட்டி சைக்கிளும் உண்டு. பக்கத்தில் எழுதியிருக்கிறது: 'கால்நடைக் குடிநீர் – நடப்பில் உள்ளது.'

நமக்கு இந்தப் பைத்தியமெல்லாம் கிடையாது என்று சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டு அலமாரிக் கதவில் நாலு கலரில் ஒரு காலைநடை அட்டவணை ஒட்டியிருந்தீர்களே, ஓரம் சுருளாமல் டேப்பெல்லாம் போட்டு, அது பத்திரமாக இருக்கிறதா? எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த அட்டவணை உங்களை நடக்கவைப்பது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.