பிள்ளையார் கோயில் தெரு சமுத்திரம்

திருத்தணியில் கடலைக் குடிவைத்த ஒரே ஆள் சமுத்திரம்தான். ரயிலில் அவன் கொண்டுவந்த கடலை ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஆட்டோவில் ஏற்றி வந்தவன் நான்.

அவனுக்குச் சொந்தப் பேர் ஒன்று உண்டு. தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை. தொண்ணூறுகளின் கடைசி அது. சுற்றுச்சூழலையும் கடலையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு படிப்பு. அதைப் படிக்கத் தினமும் சென்னைக்கு ரயிலேறிப் போய்வந்தான்.

"ரெண்டு எதுக்குடா? ஒண்ணு போதாதா?" என்று ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டோம்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றான்.

அந்த நேரம் பார்த்து, ஸ்டாண்டின் மூத்த டிரைவர் கன்னியப்பன் வெற்றிலைச் சாற்றைச் சாக்கடையில் துப்பினார். சமுத்திரம் குனிந்து அது போகிற திசையைப் பார்த்தான்.

"மாமா, இது நந்தி ஆத்துக்குப் போவும். அங்கேர்ந்து கொசஸ்தலை. அங்கேர்ந்து எண்ணூர் கடல். நீ இங்க துப்புனா அங்க மீன் தும்மும்."

"போய்ச் சேர்ந்ததும் ஒரு லெட்டர் போடச் சொல்லு" என்றார் கன்னியப்பன்.

அதன்பிறகு ஸ்டாண்டில் ஒருத்தரும் நிம்மதியாகத் துப்பியதில்லை. எங்கிருந்தாவது வந்து நிற்பான். இரண்டு பேர் வெற்றிலையையே விட்டார்கள். தொல்லை தாங்காமல்தான்.

பாடத்தை என் ஆட்டோவில் உட்கார்ந்துதான் ஒப்பிப்பான். சவாரி வந்தாலும் இறங்க மாட்டான். ஒரு நாள் ஒரு அம்மா, "மலைக்கு எவ்ளோப்பா?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் பின்சீட்டிலிருந்து குரல்: "கடல்மட்டத்துலேர்ந்தா, ரோட்டுலேர்ந்தா?" அந்த அம்மா படியேறியே போய்விட்டார்.

அவன் அப்பா சமையல்காரர். தெருவே அவரை நைனா என்றுதான் கூப்பிடும். கல்யாணங்களுக்குச் சமைப்பார். வெள்ளிக்கிழமை தோறும் தெருப் பிள்ளையாருக்கு வெண்பொங்கல் வைப்பார். வெங்காயம்கூட வாசல் தாண்டாத வீடு. அந்த வீட்டுப் பின்கட்டுக்கு ஒரு தொட்டியில் ஆறு நண்டுகள் வந்து சேர்ந்தன.

கடைசி வருஷத்து வேலையாம். சாயத்தண்ணி கடலில் கலந்தால் நண்டு என்ன பாடுபடும் என்று பார்க்க வேண்டுமாம். பரீட்சையன்று நண்டுகளை உயிரோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

நைனா தொட்டியை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுங்கள்ல ஒண்ணு நம்ம வீட்ல செத்துச்சுன்னா, அன்னைக்கே உன் படிப்பு முடிஞ்சுது. மறுநாள்லேர்ந்து கரண்டியப் புடி."

அவர் ஒன்று சொன்னால் சொன்னதுதான். அதனால் சமுத்திரம் நண்டுகளைப் புது மாப்பிள்ளை மாதிரி கவனித்தான். சென்னைக் கடற்கரையில் தண்ணீர் பிடித்து, கேனில் கொண்டுவந்து, மெல்லிய துணியில் வடிகட்டி வைப்பான். குடிதண்ணீர் தோற்றுப்போகும் தெளிவு. வினை அதில்தான் இருந்தது.

பரீட்சைக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை. கோடைக்காலம், குழாயில் தண்ணீர் வரவில்லை. நைனா பின்கட்டைப் பார்த்தார். இரண்டு கேன் நிறையத் தண்ணீர். தூக்கிப்போய்ப் பொங்கலுக்கு உலை வைத்துவிட்டார்.

சாமிக்குப் படைக்குமுன் சமைத்தவர் ருசி பார்க்கக் கூடாது. நைனா அதில் கெட்டி. உப்பெல்லாம் கைக்கணக்குத்தான். அன்றும் வழக்கம்போல உப்பை அள்ளிப் போட்டார். கடலுக்கு மேல் ஒரு கை உப்பு.

பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை. தெருவும் சொல்லவில்லை. பிரசாதத்தைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? தொன்னையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டோம். எதிர்வீட்டு அம்மாவுக்குப் பொலபொலவென்று கண்ணீர். பக்தி என்று நினைத்துப் பூசாரி அவருக்கு இன்னொரு தொன்னை கொடுத்தார்.

"இன்னா மாமா, எப்படிகீது?" என்று கன்னியப்பனைக் கேட்டேன்.

"சாமிக்கு இன்னைக்கு சக்தி ஜாஸ்தி" என்றார். வாயில் இருந்ததைத் துப்பச் சாக்கடைப் பக்கம் திரும்பினார். அந்தப் பக்கத்திலிருந்து சமுத்திரம் ஓடிவந்தான். பாவம், விழுங்கிவிட்டார்.

சமுத்திரத்தின் கையில் காலிக் கேன். தொட்டியைக் கழுவப் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரைத் தேடியிருக்கிறான்.

"நைனா, என் கடல் எங்க?"

தெருவுக்கு அப்போதுதான் விளங்கியது.

"எங்க வவுத்துலடா!" என்றார் கன்னியப்பன்.

நைனா ஒரு சிட்டிகைப் பொங்கலை எடுத்து வாயில் வைத்தார். மகன் பக்கம் திரும்பினார்.

"அதுங்களுக்கு வேற தண்ணி இல்லியா?"

"இல்ல நைனா."

"தாங்குமா?"

"ஈரச் சாக்கு போட்டு வெச்சிருக்கேன். சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அப்புறம் கஷ்டம்."

நண்டு செத்தால் படிப்பு முடிந்தது என்றவரே அவர்தான். உள்ளே போனார். சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் குடத்தோடு வந்தார்.

"வண்டிய எட்றா" என்றார் என்னிடம்.

ஆட்டோவை ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு மூவரும் ரயிலேறினோம். கடற்கரையில் நைனா வேட்டியை மடித்துக்கட்டி இறங்கினார். துண்டால் குடத்தின் வாயை மூடி, வடிகட்டி மொண்டார். சமையல்காரர் வேறெப்படி மொள்ளுவார்? சுண்டல் விற்கிறவர் நின்றுவிட்டார்.

"பெரியவரே, இன்னா பண்ணிகினு கீறீங்க?"

"தண்ணி மொண்டுகினு இருக்கேன்."

"இங்கயா?"

"உங்க ஊர்ல வேற எங்கங்க கெடைக்குது?"

அந்தக் கோடையில் சென்னையிலும் குழாய் வறண்டுதான் கிடந்தது.

திரும்பும் ரயிலில் ஒருத்தர் குடத்தைப் பார்த்து, "ஒரு வாய் தண்ணி குடுங்களேன்" என்று கேட்டார்.

"வேணாம்பா" என்றார் நைனா. "காலைலேர்ந்து ஒரு தெருவுக்கே குடுத்துட்டேன்."

பொழுது சாயும் நேரத்தில் வீடு வந்தோம். நைனாவே ஊற்றினார். ஐந்து நண்டு உடனே நகர்ந்தது. ஆறாவது அசையவில்லை. நைனா தொட்டி ஓரத்தில் குந்திக்கொண்டார். "எழுந்திர்றா கண்ணு" என்றார். கொஞ்சம் கழித்து அது ஒரு காலை நீட்டியது. அவரும் அப்போதுதான் காலை நீட்டி உட்கார்ந்தார்.

நண்டும் பிழைத்தது, படிப்பும் பிழைத்தது. சமுத்திரத்துக்கு இப்போது தெற்கே கடலோரத்தில் வேலை. பெரிய பதவி என்கிறார்கள். அதைப் பற்றி எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது பரீட்சை நாள்தான். தொட்டி கனம் என்று நானும் கூடப் போயிருந்தேன். காலேஜ் வாசலில் வாட்ச்மேன் என் காக்கிச் சட்டையைப் பார்த்துக் கையை நீட்டித் தடுத்தார்.

"படிக்கிறவங்க மட்டுந்தான் உள்ள. இவரு யாரு?"

"எங்கூடப் படிக்கிறவன்" என்றான் சமுத்திரம், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

நான் எட்டாவது தாண்டாதவன். தொட்டியைக் கீழே வைத்து, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மறுபடி தூக்கினேன்.