நாலு வாத்தியம், ஒரே ஷட்ஜம்

மேல்நாட்டு இசைக்குறிப்பு எனக்குப் படிக்கத் தெரியும் என்று நான் சொல்லித் திரிந்தது முழுப் பொய் அல்ல. ஐந்து கோட்டில் எந்தப் புள்ளி எந்த ஸ்வரம் என்று எண்ணிச் சொல்லிவிடுவேன். (எண்ணி முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும், அது வேறு விஷயம்.) இந்த அரைகுறை ஞானத்தோடு இருபத்திரண்டு வயதில் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

யுத்த காலம். அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோவில் பள்ளிக்கூடத்தில் நான் தற்காலிகப் பாட்டு வாத்தியார். மேற்றிராணியார், அதாவது பிஷப், வருகிறார் என்று நாலு குரலில் ஒரு லத்தீன் பாட்டு ஏற்பாடாகியிருந்தது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் எழுதியது, பரோக் காலத்துத் தேவாலய இசை. ஒரு குரல் ஆரம்பிக்கும், அது போய்க்கொண்டிருக்கும்போதே அதே மெட்டோடு வேறு உயரத்தில் அடுத்தது நுழையும், இப்படி நாலும் பின்னிக்கொள்ளும். ஒன்பது நாள் இருக்கும்போது பாடகர் குழு மொத்தமும் பொன்னுக்கு வீங்கியில் படுத்துவிட்டது.

பங்குச்சாமியார் என்னைக் கூப்பிட்டார். "ஒவ்வொருத்தருக்கும் கன்னம் பூசணிக்காயாட்டம் இருக்குப்பா. வாயத் தொறக்க முடியல. என்ன பண்றது?"

"குரல் இல்லாட்டி என்ன சாமி? வாத்தியத்துக்கு மாத்தி எழுதிடுறேன்."

"ரோசன பண்ணிச் சொல்லு. மேற்றிராணியாரு ரோமாபுரியில படிச்சவரு, பாட்டு அவருக்குத் தலகீழ்ப் பாடம். நல்லா வந்துட்டா அன்னைக்கே உன் வேலைய நெரந்தரம் பண்ணிடலாம். கெட்டுப்போச்சுன்னா..."

வேலை நிரந்தரமானால்தான் பெண் கொடுப்பேன் என்று அரும்பாவூர் மாமா கறாராகச் சொல்லியிருந்தார்.

செந்துறை ராசு அண்ணன் நாகஸ்வரம். பெரம்பலூர் பாண்டு செட்டில் வாசித்த காளிமுத்து கிளாரினெட். அரியலூரில் இரண்டு பிடில்காரர்கள். யாருக்கும் ஐந்து கோடு தெரியாது, ஸ ரி க ம தெரியும். காகிதப் பஞ்சத்தில் பழைய காலண்டர்த் தாள்களின் பின்பக்கம் ஸ்வரமாக எழுதினேன். அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. மூலத்தில் நாலு குரலும் நாலு வேறு உயரத்தில் தொடங்கின. வாசிப்பவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டுமே என்று, அவரவர் முதல் ஸ்வரத்தையே அவரவருக்கு 'ஸ' என்று வைத்துவிட்டேன். நாலு நாற்காலியில் உட்கார வேண்டியவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்தது ஒரே நாற்காலி.

பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடும் பஸ் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதனால் ஒவ்வொருவர் ஊருக்கும் போய்த் தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்தேன். தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் தேன்.

"தம்பி, எல்லாரும் ஒரு தடவ சேந்து வாசிச்சுப் பாத்துருவமா?" என்றார் ராசு அண்ணன்.

"எதுக்குண்ணே? இத்தாலிக்காரன் எழுதுனது. தன்னால சேரும்."

மேற்றிராணியார் வந்த அன்று பூசையில் நால்வரும் நாகஸ்வரத்தோடு சுருதி சேர்த்துக்கொண்டார்கள். நான் பிரம்பும் கையுமாக முக்காலியில் ஏறினேன். ராசு அண்ணன் ஆரம்பித்தார். சாமியார் எனக்குத் தலையசைத்தார். கிளாரினெட் நுழைந்தது. மேற்றிராணியாரின் தலை மெல்லத் திரும்பியது. முதல் பிடில் நுழைந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. இரண்டாவது பிடில்காரர் வில்லைத் தூக்கிக்கொண்டு, 'நானுமா?' என்பதுபோல் என்னையே பார்த்தார். சாமியார் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். நிறுத்துவதற்கு என்ன சைகை என்று எனக்குத் தெரியாது. தெரிந்த சைகையைக் காட்டினேன். இரண்டாவது பிடிலும் நுழைந்தது.

அந்தச் சத்தத்தை நான் விவரிக்கப்போவதில்லை. (கேட்டவர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.)

ராசு அண்ணன் வாத்தியத்தை உதட்டிலிருந்து எடுத்து, தாடையால் என்னைக் காட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "அவரப் பாக்காதீங்க! எல்லாம் ஒரே மெட்டுதான், என்னக் கேட்டு வாங்க!"

முன்னால் வாசிப்பவரைக் காதால் பிடித்துக்கொண்டு போவது அவர்களுக்குக் கை வந்த பழக்கம். முதலில் பிடில்கள் தொற்றிக்கொண்டன, பிறகு கிளாரினெட். ராசு அண்ணன் அவசரப்படாமல் அந்த ஒற்றை மெட்டைத் திரும்பத் திரும்ப விரித்தார். கோவில் அடங்கியது. நான் மட்டும் யாரும் பார்க்காத பிரம்பை வீசிக்கொண்டிருந்தேன். முக்காலியிலிருந்து எப்போது இறங்குவது என்று தெரியவில்லை.

பூசை முடிந்ததும் மேற்றிராணியார் என் காலண்டர்த் தாள்களை வாங்கிப் பார்த்தார்.

"எழுதினது நீதானா?"

"ஆமாங்க ஆண்டவரே."

"கடைசியில வாசிச்சது?"

"அது... அவங்களா வாசிச்சதுங்க."

அவர் சாமியார் பக்கம் திரும்பினார். "தம்பி பொய் சொல்லல. நிரந்தரமா வச்சுக்குங்க." மூச்சு விட்டேன். "பாட்டு மட்டும் வேணாம்."

ஓய்வு பெறும்வரை பூகோளம் நடத்தினேன். அரும்பாவூர் மாமாவுக்கு வேலைதான் முக்கியம், பாடம் அல்ல. கல்யாணமும் நடந்தது. அன்று பந்தியில் ரசம் கேட்டு நான் கை தூக்கியபோது, ராசு அண்ணன் பந்தல் அதிரக் கத்தினார்: "அவரப் பாக்காதீங்க!" அன்றிலிருந்து வீட்டில் நான் எதற்குக் கை தூக்கினாலும் என் மனைவிக்கு அதுதான் வசனம், பிறகு பிள்ளைகளுக்கும்.

போன தை மாதம் பேத்தி கல்யாணம். கெட்டிமேளத்துக்குக் கை காட்டும் பொறுப்பை வீட்டுப் பெரியவன் என்று என்னிடம் கொடுத்தார்கள். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். கையை உயர்த்தி வீசு வீசென்று வீசினேன். மேளக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் நின்ற என் மனைவியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.