எட்டு ஸ்பூன் ஓட்ஸ்

ஐந்தாவது ஸ்பூனும் ரத்னவேலின் சட்டையில்தான் போய் முடிந்தது.

"இளமதி, அப்பாவைப் பாரு. ஆ... ஆ..."

ஆறரை மாதக் குழந்தை இளமதி அப்பாவைப் பார்த்தாள். அவன் திறந்து காட்டிய வாயையும் நிதானமாகப் பார்த்தாள். பிறகு உதடுகளைக் கூட்டி "ப்ர்ர்ர்" என்று ஊதினாள். அரிசி சீரியல் அவனுடைய மூக்குக் கண்ணாடியில் தெறித்தது.

ரத்னவேல் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி. யாராவது ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தால்கூட நூறடி தூரத்திலிருந்து விசில் ஊதுவான். இருநூறு பேர் அவன் பேச்சைக் கேட்டு நடந்தார்கள். ஏழரைக் கிலோ எடையுள்ள ஒருத்தியை வாய் திறக்க வைக்க அவனால் முடியவில்லை.

மனைவி நிவேதிதா விடுப்பு முடிந்து அந்தத் திங்கட்கிழமைதான் கிளமெண்டியில் உள்ள ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியிருந்தாள். அடுத்த திங்கள் முதல் இளமதி குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்குப் போகிறாள். நடுவில் இருந்த வாரம் ரத்னவேலின் பொறுப்பு. "ஒரு வாரம்தானே, ஈசி லா" என்று சொல்லி லீவு போட்டவன் அவனேதான்.

நிலையத்திலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. குழந்தை வீட்டில் மூன்று நாள் தொடர்ந்து சாப்பிட்டு ஒத்துக்கொண்ட சீரியலின் பெயரை அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாவிட்டால் பெற்றோரில் ஒருவர் தினமும் காலையில் அங்கே உட்கார்ந்து தாமே ஊட்டிவிட்டுப் போக வேண்டும். அடுத்த திங்களன்று பட்டறையில் பாதுகாப்புத் தணிக்கை. ரத்னவேல் மூன்று வருடமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்த பதவி உயர்வு அந்த ஒரு காலையில்தான் இருந்தது.

"இதுல பயப்பட ஒண்ணுமில்ல. அரிசி சீரியல்னா அவளுக்கு உயிரு" என்று நிவேதிதா சொல்லியிருந்தாள். "இருந்தாலும் நீங்களும் ஒரு மூணு நாள் ஊட்டிப் பாத்துட்டு, நீங்களே ஃபார்ம எழுதிடுங்க."

மின்கட்டணம் கட்டுவதைக்கூட அவனை நம்பி விடாதவள், இதை மட்டும் பெருந்தன்மையாக விட்டுவிட்டுப் போனாள்.

ஃப்ரிட்ஜ் கதவில் அவள் ஒட்டிய அட்டவணை அவனை முறைத்தது. கடந்த இரண்டு வாரக் கணக்கு அது. நான்கு ஸ்பூன், ஆறு ஸ்பூன், ஏழு ஸ்பூன். குறிப்பு என்ற கட்டத்தில், 'விரும்பிச் சாப்பிட்டாள்'. தினமும் அவள் அனுப்பிய காலிக் கிண்ணத்தின் படங்கள் வேறு அவன் கைபேசியில் வரிசையாக இருந்தன. அப்படியானால் சீரியலில் குறை இல்லை, பிள்ளையிடமும் இல்லை. குறை அவனிடம்தான். நினைக்கும்போதே ரத்னவேலுக்கு அவமானமாக இருந்தது.

கைபேசி அதிர்ந்தது. "சாப்பிட்டாளா? எத்தனை ஸ்பூன்?"

உண்மையைச் சொல்லத்தான் விரலை வைத்தான். கண் ஃப்ரிட்ஜ் பக்கம் போனது. விரல் தானாக "எட்டு" என்று அடித்தது.

"போட்டோ?"

கிண்ணம் நிறைய சீரியல். சாப்பிடும் பொருளைக் குப்பையில் கொட்ட அவனுக்கு மனம் வரவில்லை. நாலே வாயில் சாப்பிட்டு முடித்து, காலிக் கிண்ணத்தைப் படம் எடுத்து அனுப்பினான்.

பத்து நிமிடம் பதிலே இல்லை. அப்புறம் வந்தது: "எட்டா??? எப்படி???"

ரத்னவேலுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவர்கள் வீடு பூன் லேயில், பத்தாவது மாடியில். சமையலறை ஜன்னலைத் திறந்தால் பொது நடைபாதை. அங்கே பக்கத்து வீட்டு இப்ராஹீம் தம்முடைய செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நடைபாதையில் எது நடந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

"காலையில வெறும் கஞ்சியா தம்பி?" என்றார் ஜன்னல் கம்பி வழியாக.

"உடம்புக்கு நல்லது அங்கிள்."

"நல்லதுதான் லா" என்று அவர் அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமையும் அரிசி சீரியல் சுவருக்குத்தான் போனது. குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு ரயிலேறி லிட்டில் இந்தியாவுக்குப் போனான். தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடை.

"முளைகட்டின ராகி மாவு குடுங்க. குழந்தைக்கு."

"ராகியா?" என்றாள் கடைக்கார அக்கா. "என் புள்ளைங்க மூணும் அதுலதான் வளந்துச்சு. இப்ப பாருங்க, ஒருத்தன் கூடைப்பந்து ஆடுறான்."

பின்னால் நின்ற ஒரு அம்மாள், "ராகி சூடு. பார்லி குடுங்க" என்றார். அதற்கும் பின்னால் நின்றவர் வாழைக்காய் மாவு என்றார். வரிசையே நின்று குழந்தை வளர்த்தது. ரத்னவேல் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வாங்கினான். போதாததற்கு ஒரு டப்பா ஓட்ஸ் சீரியலும் எடுத்துக்கொண்டான். ஒவ்வொரு பாக்கெட்டிலும் சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு, காலாவதித் தேதி என்ன என்று பாரந்தூக்கியின் சான்றிதழைப் படிப்பதுபோல் படித்தான்.

அன்று மாலைக்குள் இளமதி எல்லாவற்றையும் ருசி பார்த்தாள், அல்லது பார்க்க மறுத்தாள். ராகி வாய்க்குள் போன நேரம் பார்த்துத் தும்மினாள். சமையலறைச் சுவர் பழுப்பாகிவிட்டது. பார்லி மேசைக்குக் கீழே கிடந்தது. வாழைக்காய் மாவு எங்கே போனது என்பது கடைசிவரை தெரியவில்லை.

புதன்கிழமை விடிந்தது. படிவத்தில் எழுத மூன்று நாள் ஒரே சீரியல் சாப்பிட்டிருக்க வேண்டும். இனியும் தள்ள முடியாது. ரத்னவேல் யோசித்தான். எப்படியும் சாப்பிடப்போவது தான்தான் என்பதால், தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்தான். ஓட்ஸ். மேலே ஒரு ஸ்பூன் மைலோ சாக்லேட் பொடி தூவினால் பிரமாதமாகத்தான் இருந்தது.

"ஓட்ஸுக்கு மாறிட்டா. எட்டு ஸ்பூன்" என்று செய்தி அனுப்பினான்.

அதன் பலன் வியாழக்கிழமை வாசலில் வந்து இறங்கியது. நிவேதிதா ஆன்லைனில் ஆர்டர் செய்திருந்த ஆறு பெரிய டப்பா ஓட்ஸ் சீரியல். கூடவே ஒரு செய்தி: "வீடியோ அனுப்புங்க. ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டணும்."

ஸ்பூன் இளமதியின் வாயை நோக்கிப் பறந்து போவதை எடுத்தான். வாயை எட்டுவதற்கு ஒரு அங்குலம் முன்னால் நிறுத்தினான். அடுத்த காட்சி, காலிக் கிண்ணம். இடையில் நடந்ததை ஜன்னலுக்கு வெளியே நின்ற இப்ராஹீம் மட்டும்தான் பார்த்தார்.

"பசி அதிகமோ தம்பி? ரொட்டி பரோட்டா வாங்கியாரவா?"

"வேணாம் அங்கிள், இதுவே போதும்!"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிவேதிதா தீர்மானமாகச் சொன்னாள். "நாளைக்கு நீங்க ஊட்டுறத நான் பக்கத்துல உக்காந்து பாக்கணும். ஒண்ணு விடாம பாக்கணும்."

சனிக்கிழமை காலை. நிவேதிதா கையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தாள். ரத்னவேல் ஸ்பூனை எடுத்தான். முதல் ஸ்பூன் போனது. "ப்ர்ர்ர்." நோட்டில் ஓட்ஸ் தெறித்தது.

"இன்னிக்கு மூட் இல்ல போல. நீ ஊட்டேன், உன்கிட்ட ஏழு ஸ்பூன் சாப்பிட்டவதானே."

"ஐயோ, வேணாம்" என்று அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "நீங்கதானே எட்டு. நீங்களே குடுங்க."

"இல்ல, நீ."

"நீங்க லா!"

ஸ்பூன் இரண்டு தடவை கை மாறியது. இளமதி வேடிக்கை பார்த்தாள்.

"சரி, ஃபார்ம்ல கையெழுத்துப் போடுங்க. ஓட்ஸ், மூணு நாள், பிரச்சினை இல்ல" என்று நிவேதிதா தாளை நகர்த்தினாள்.

ரத்னவேல் பேனாவை எடுத்தான். பதினொரு வருடத்தில் நேரில் சோதிக்காத ஒரு சாரத்துக்குக்கூட அவன் கையெழுத்துப் போட்டதில்லை. இது சொந்த மகள். பதவி உயர்வு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, பிறகு மெல்ல நடந்து போய்விட்டது. பேனாவைக் கீழே வைத்தான்.

"நிவே... அவ ஒரு ஸ்பூன்கூட சாப்பிடல. எல்லாத்தையும் நான்தான் சாப்பிட்டேன்."

"என்னது?"

"திங்கக்கெழமையிலேர்ந்து."

நிவேதிதாவின் முகம் வாடியது. "அப்ப அந்த எட்டு ஸ்பூன் நெஜம் இல்லையா? நீங்க ஏதோ வழி கண்டுபுடிச்சிட்டீங்கன்னு நான் எவ்வளவு நம்பினேன் தெரியுமா?" குரல் உடைந்து, உடனே உயர்ந்தது. "ஒரு கொழந்தைக்கு ஊட்டத் தெரியல, போட்டோ வேற! வீடியோ வேற! வெக்கமா இல்ல?"

"வெக்கமாத்தான் இருக்கு. ஆனா உன் ஏழு ஸ்பூன நான் எப்படி எட்டுறது, சொல்லு? உன் கை ராசி எனக்கு வராது" என்றான் ரத்னவேல், அட்டவணையைக் காட்டி.

நிவேதிதா சட்டென்று எழுந்து ஃப்ரிட்ஜ் பக்கம் போனாள். அட்டவணையின் ஒரு ஓரத்தை நகத்தால் கிளப்பத் தொடங்கினாள்.

சத்தம் கேட்டு ஜன்னலுக்கு வெளியே வாளியுடன் வந்து நின்ற இப்ராஹீம், இருவரையும் மாறி மாறிப் பார்த்துப் பொறுமையாகச் சொன்னார்:

"கஞ்சிக்கா சண்டை? இந்த வாரம் பூரா தம்பி சாப்பிட்டாரு. அதுக்கு முந்தி ரெண்டு வாரம் அதே நாற்காலியில உக்காந்து நீ சாப்பிட்டே, போட்டோவும் எடுத்தே. புள்ளைக்கு எப்பம்மா குடுக்கப் போறீங்க?"