துரையின் காலில் புதுக் கட்டி

கட்டி வலது முன்னங்காலில், இரண்டு விரல்களுக்கு நடுவே, பட்டாணி அளவில் இருந்தது.

"இது நேத்து இருந்துச்சா?" என்று மாப்பிள்ளை மனைவியைக் கேட்டார்.

"நாயைப் பார்த்துக்கிறது நீங்க. என்னைக் கேட்டா?"

அதுதான் சங்கடம். ஒருமுறை இரவல் வாங்கிய குடையை ரயிலில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து, மாமியார் வீட்டில் அவரை நம்பி ஒரு கரண்டியைக்கூடக் கொடுத்ததில்லை. இப்போதுதான் முதன்முறையாக ஓர் உயிரையே ஒப்படைத்திருந்தார்கள். அதுவும் மாமியாரின் செல்லமான துரையை. உடம்பெல்லாம் வெள்ளை, இடது காது மட்டும் கறுப்பு.

மாமியார் ஒரு மாதமாக மூத்த மகள் வீட்டில் இருந்தார். அவரை அழைத்துவரக் கிளம்பிய மாமனார், போகிற வழியில் நாயை இங்கே இறக்கிவிட்டார். அவர் ஓய்வு பெற்ற ஆடிட்டர். அடுத்தவர் தப்பைப் பார்த்தால் சாயம் பூசிய அவருடைய கருகரு மீசை தானாகத் துடிக்கும்.

"குளிப்பாட்டிடாதீங்க மாப்பிள்ளை, சளி பிடிக்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பாது, காது மந்தமாயிருச்சு. அத்தைக்கு வீடியோ கீடியோ காட்டாதீங்க, ஏங்கிப்போயிடுவா. வாங்கின மாதிரியே திருப்பிக் கொடுங்க, அது போதும்."

வாங்கின மாதிரி கொடுக்கவிடாமல் இப்போது இந்தக் கட்டி குறுக்கே நின்றது.

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சின்னத் திருகாணிகளைப் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து கட்டியின் மேல் பிடித்தார். கட்டி, புதர் மண்டிய மலை மாதிரி தெரிந்தது. வளர்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, பூதக்கண்ணாடி வழியாகவே ஒரு படம் எடுத்து மனைவியின் போனுக்கும் அனுப்பினார்.

"அத்தைக்குத் தெரிய வேண்டாம்."

"நான் எதுவும் சொல்லல. அம்மாவுக்குப் படத்தை மட்டும்தான் அனுப்பினேன்."

அதற்குள் போன் அடித்தது.

"மாப்பிள்ளை, என்ன அது, துரை கால்ல தேங்காய் மாதிரி?"

"இல்ல அத்தை, பூதக்கண்ணாடி வழியா எடுத்ததால..."

"என்ன கண்ணாடியோ. நாங்க இப்பவே கிளம்பி வர்றோம்."

பிறகு மாமனாரின் குரல் வந்தது. வழக்கத்துக்கு மாறாகத் தணிந்திருந்தது. "கட்டியெல்லாம் ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, தானா போயிடும். டாக்டர்கிட்ட மட்டும் போயிடாதீங்க."

திட்டியிருந்தால்கூட மாப்பிள்ளைக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அவர்கள் வருவதற்குள் கட்டியைக் கொஞ்சமாவது வற்ற வைக்கலாம் என்று, வெந்நீரில் உப்புப் போட்டு நாயின் காலை அதில் வைத்தார். நாய் பரம சாதுவாக நின்றது. பிறகு எதையோ நினைத்துக்கொண்டு வாளிக்குள் தலையை விட்டு, எடுத்து, உடம்பை ஓர் உதறு உதறியது.

துவட்டிய துண்டு கறுப்பானது.

"ஏங்க," என்றாள் மனைவி, "காது வெளுத்துடுச்சு."

மாப்பிள்ளை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நோய் தலைக்கு ஏறிடுச்சு."

கட்டியை மறைக்க வழியில்லை, காதையாவது மறைப்போம் என்று ஷூ பாலிஷ் டப்பாவை எடுத்தார். பூசி முடித்ததும் மனைவி தள்ளி நின்று பார்த்தாள்.

"இது காதா, இன்டர்வியூக்குப் போற ஷூவா? இப்படிப் பளபளக்குது."

மங்கட்டும் என்று துணியால் தேய்த்தார். பாலிஷ், தேய்த்தால் மங்குமா? இன்னும் ஜொலித்தது. நாய் அவர் மூக்கை நக்கியது. மாமியார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தன் கணுக்காலைக் குறிவைக்கும் துரை இப்படி ஒட்டிக்கொள்வதைப் பார்த்து, கடைசிக் காலத்தில் மனசு மாறிவிட்டது போல என்று நினைத்து அதை அணைத்துக்கொண்டார்.

மாமியார் பையைக்கூடக் கீழே வைக்காமல் உள்ளே வந்தார். "துரை."

நாய் மாப்பிள்ளையின் கால்களுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"என்னையே தெரியலையே அதுக்கு. என்ன பண்ணுனீங்க மாப்பிள்ளை? கிளம்புங்க, நம்ம டாக்டர்கிட்டப் போவோம்."

"அங்க எதுக்கு? அவர் சரியில்ல, வேற யாராவது..." என்று மாமனார் ஆரம்பித்தார்.

"பத்து வருஷமா சரியா இருந்தவர் இன்னைக்குத்தான் சரியில்லாமப் போனாரா? நீங்க வாயை மூடிக்கிட்டு வண்டியை எடுங்க."

மருத்துவமனை பெஞ்சில் மாமனார் அந்தக் கோபத்தையெல்லாம் மாப்பிள்ளை மேல் இறக்கினார். "ஒரு நாயைப் பத்திரமாப் பார்த்துக்கத் துப்பில்ல. ஒரு மாசம் நான் பார்த்துக்கிட்டேன், ஒரு முடி உதிர்ந்துச்சா?"

மாமியார் நாயின் காதைத் தடவிய கையை விரித்துப் பார்த்தார். உள்ளங்கை கறுப்பாக இருந்தது.

"இது என்ன?"

"ஷூ பாலிஷ் அத்தை," என்றார் மாப்பிள்ளை தரையைப் பார்த்து. "நான்தான் பூசினேன். கழுவும்போது காதுக் கறுப்பு போயிடுச்சு."

மாமனாரின் கை ஏனோ மெல்ல எழுந்து அவருடைய மீசையை மூடிக்கொண்டது.

நாய் கட்டிக் காலைத் தூக்கி மாப்பிள்ளையின் மடியில் வைத்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார். "என்ன நோயா இருந்தாலும் நானே வைத்தியம் பார்க்கிறேன் அத்தை. இவனை மட்டும் என்கிட்டயிருந்து வாங்கிடாதீங்க."

"குடையைத் தொலைச்சவர்கிட்ட நாயை விட்டது என் தப்பு," என்றார் மாமனார், மீசையிலிருந்து கையை எடுக்காமலே.

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. வாளியும் துடைப்பமுமாக வந்த புது உதவியாளர், மாமனாரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"உங்களைத்தான் சார் தேடிட்டிருந்தேன். ஓடிப்போன உங்க நாய் கிடைச்சிருச்சு, பின்னாடிதான் கட்டியிருக்கேன். பதிலுக்குப் பிடிச்சுக் கொடுத்தேனே, இந்தப் பிறவிக் கட்டிக்காரன், இவனை விட்டுட்டு அதைக் கூட்டிட்டுப் போயிடுங்க. ஊர்லேர்ந்து வர்ற உங்க வீட்டம்மாவுக்குத் தெரியவே போறதில்ல."