ராசாப் பொம்மையும் துரைசானிப் பொம்மையும்

"வேலை என்ன அண்ணை?"

"ஒண்டுமில்லை. ஆடாமல் அசையாமல் நிக்கிறது. உனக்கெண்டே செய்த வேலை."

ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவும் அரசரத்தினம் அன்று சொன்னதை நினைத்தபடி, வியர்வை கண்ணுக்குள் இறங்கியும் இமைக்காமல் நின்றான் நித்தியானந்தன்.

சுவிஸ் நகரமான லுசேர்ணில், அந்த ஹோட்டல் மேடையில் அவன் ஒரு சாவிப் பொம்மை. நூற்றைம்பது வருடங்களுக்கு முன், வெள்ளைக்காரர் ஆண்ட ஊர்களின் நாடகக் கொட்டகைகளில், குதிரை வித்தைக்கும் கோமாளிக்கும் நடுவே இப்படிப்பட்ட பொம்மைகளைக் காட்டினார்களாம். உல்லாசப் பயணிகளுக்காக முதலாளி அதை மறுபடி நடத்தினார். ராசாப் பொம்மையின் சுருள்வில் உடைந்துபோக, தலைப்பாகையும் முதுகில் பித்தளைச் சாவியுமாக நித்தியானந்தன் ஏறினான். பக்கத்தில் விசிறி வீசும் துரைசானிப் பொம்மை அசல் இயந்திரம் என்றும், அவளைத் தொடவோ அருகில் கதைக்கவோ கூடாது என்றும், அவளுக்கு ஈடாக நிற்காவிட்டால் வேலை போகும் என்றும் முதலாளி சொல்லியிருந்தார். வேலை போனால் மறுபடி அகதி முகாமும் அவித்த உருளைக்கிழங்கும்தான்.

முதல் வாரமே தும்மல் வந்தது. அதைப் பல்லுக்குள் நெரித்து, சக்கரம் சிக்கியதுபோல் "கிர்ர்" என்று முடித்தான். சனம் கைதட்டியது. மறுநாள் துரைசானியும் "கிர்ர்" என்றாள்.

முதலாளி அவளைத் திருத்திவிட்டார் என்று நினைத்தான். அவளை வெல்ல, தலையை மூன்று வெட்டாகத் திருப்பினான். அடுத்த காட்சியில் அவள் நான்கு வெட்டாகத் திருப்பினாள். அவன் ஒற்றைக்காலில் நின்றான். அவளும் நின்றாள், விசிறியை நிறுத்தாமலே.

"மெசினோட போட்டி போடாதை. அதுக்குக் கால் உளையாது," என்றார் அரசரத்தினம்.

"அதுதான் பயம் அண்ணை. நாளைக்கு ராசாவையும் திருத்திப் போட்டாரெண்டால்?"

ஞாயிறு பகல் காட்சியில் இருவரும் பத்து நிமிடம் இமைக்கவில்லை. திரை விழுந்தது. வழக்கமாக அவளைத் துணியால் மூடிவிட்டே அவனை அனுப்பும் முதலாளி, அன்று தொலைபேசி மணி கேட்டு ஓடினார்.

நித்தியானந்தன் முதல்முறையாக அவளைக் கிட்டப் பார்த்தான். கண்ணோரம் ஏதோ வழிந்தது.

"எண்ணெய் கசியுதோ?" என்று முணுமுணுத்தான்.

வெள்ளைப் பூச்சுக்கு நடுவே உதடு அசைந்தது.

"எண்ணெயில்லை, கண்ணீர். நீங்களும் ஆள்தான் எண்டு தெரிஞ்சிருந்தால் நாலு கிழமைக்கு முந்தியே கேட்டிருப்பன். என்ர ரெண்டு கையுறையும் விசிறியோட தைச்சுக் கிடக்கு, மூக்கை ஒருக்காச் சொறிஞ்சு விடுங்கோ அண்ணை."